கழற்றியவர் பூட்டவில்லை

இந்தக் கிழமை என் கோபத்துக்குக் காரணம் ஒரு விளம்பரம். இங்கிலாந்தில் இருக்கும் மருமகன் அனுப்பிவைத்தான். 1959ஆம் ஆண்டு ஒஸ்டின் ஹீலி ஸ்பிரைட், கூரையில்லாத இரண்டு ஆசனக் கார், "அரைவாசி வேலை முடிந்தது, நேரமில்லாததால் விற்பனைக்கு". படத்தில் சக்கரமில்லாத வெறும் உடல் மரக்கட்டைகளின் மேல் நிற்கிறது. சுற்றிவர அட்டைப்பெட்டிகள். "மாமா, விலை நல்ல மலிவு, எடுக்கட்டோ?" என்று கேட்டிருந்தான்.

வேலை அரைவாசி முடியவில்லை. கழற்றுவது மட்டும்தான் முடிந்திருக்கிறது.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு என் ஆத்திரம் புதிதல்ல. ஆசையோடு ஒரு பழைய காரை வாங்குவார்கள். வந்த வேகத்தில் கடைசி ஆணி வரைக்கும் கழற்றுவார்கள். நட்டும் போல்ட்டும் ஒரே பேணிக்குள் போகும். பிறகு வேலை மாறும், பிள்ளை பிறக்கும், வீடு மாறும். பல வருடம் கழித்துப் பெட்டிகளோடு இன்னொருவர் தலையில் கட்டுவார்கள். துருவினால் அழிந்த கார்களுக்குக் குறையாமல் இப்படியும் அழிந்திருக்கும் என்றே நம்புகிறேன். துருப்பிடித்துக் கிடக்கும் காரில் எது எங்கே இருந்தது என்பதாவது தெரியும்.

ஸ்பிரைட்டைப் பற்றிச் சொல்லவேண்டும், அது அருமையான கார். 1958 மே மாதம் மொன்டே கார்லோவில் அறிமுகமானது. சைக்கிள் கொட்டிலுக்குள் நிறுத்தக்கூடிய, சாதாரண சம்பளக்காரன் வாங்கக்கூடிய ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வேண்டும் என்பது அதை உருவாக்கிய டொனால்ட் ஹீலியின் எண்ணம். முன்விளக்குகள் மடங்கி உள்ளே போகும்படிதான் முதலில் யோசித்தார்கள். செலவைக் குறைக்க அவற்றை மேலே நிலையாகப் பொருத்திவிட்டார்கள். தவளைக்கண் என்ற செல்லப்பெயர் அதனால் வந்தது. 948 சிசி எஞ்சின் நம்மூர் மொரிஸ் மைனர் 1000 எஞ்சினின் உடன்பிறப்பு, இதற்கு இரண்டு காபரேட்டர். கதவுக்கு வெளிப்பிடி கிடையாது. டிக்கிக்கு மூடி கிடையாது, ஆசனத்துக்குப் பின்னால் கையை விட்டுத்தான் பெட்டியை எடுக்கவேண்டும். 1961 வரைக்கும் ஏறத்தாழ 49,000 கார்கள் செய்தார்கள்.

வாங்கப் போகிறவன் எஞ்சினைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை. இறுகிப்போன எஞ்சினையும் திருத்திவிடலாம், சாமான் இன்றைக்கும் கிடைக்கிறது. பார்க்கவேண்டியது அடிப்பக்கம். இதற்குத் தனிச் சட்டகம் கிடையாது, தகரம்தான் எலும்பு. பின்பக்க ஸ்பிரிங்குகள் ஆசனத்துக்குப் பின்னாலுள்ள தரைப்பகுதியில் பெட்டி போன்ற இடங்களுக்குள் செருகியிருக்கும். அங்கே துரு ஏறியிருந்தால் பின்சக்கரங்களைத் தாங்க எதுவும் இல்லை. கதவுக்குக் கீழே ஓடும் சில் பகுதியை ஒரு காந்தத்தால் தடவிப் பார்க்கவேண்டும். பசை அப்பிப் பூசிய இடத்தில் காந்தம் ஒட்டாது. ஜக் வைத்து ஒரு பக்கத்தைத் தூக்கும்போது கதவு இறுகினால் உடல் வளைகிறது என்று அர்த்தம். மருமகனுக்கு இவ்வளவும் எழுதினேன். ஆனால் உடலை வெறுமையாக்கிப் பெட்டிகளில் அடைத்த காரில் இந்தச் சோதனையில் பாதியைச் செய்யவே முடியாது. கதவே இல்லையே, எது இறுகுவது?

எழுதிக்கொண்டிருக்கும்போதே என் மனம் காரை விட்டு ஒரு புத்தகத்துக்குப் போய்விட்டது. என் அலுமாரியில் அட்டை கிழிந்து, பக்கமெல்லாம் எண்ணெய் விரல் பதிந்து இருக்கும், கார் திருத்தச் சொல்லித்தரும் ஹெய்ன்ஸ் கையேடு அது. அந்த வரிசைக் கையேடுகளின் தொடக்கமே ஒரு பழைய தவளைக்கண் ஸ்பிரைட்தான்.

ஜோன் ஹெய்ன்ஸ் 1938இல் இலங்கையில் பிறந்தவர். தகப்பன் தேயிலைத் தோட்ட முகாமையாளர். பள்ளிக்கூடத்துக்காக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். அங்கே மாணவனாக இருக்கும்போதே ஒரு பழைய ஒஸ்டின் 7 காரை வாங்கி இரண்டு ஆசன ஸ்போர்ட்ஸ் காராக மாற்றினார். மாற்றிய விதத்தைப் படம் வரைந்து சிறு புத்தகமாக்கி 1956இல் விற்றார். முதல் அச்சில் 250 பிரதிகள், பத்து நாளில் முடிந்தன. பிறகு பிரித்தானிய விமானப்படையில் சேர்ந்து ஏடனுக்குப் போனார். அங்கே கூடவேலைசெய்த நண்பர் அடிபட்டுத் தேய்ந்த ஒரு ஸ்பிரைட்டை வாங்கிவிட்டு, திருத்த உதவி கேட்டார். தொழிற்சாலை வெளியிட்ட கையேட்டைப் புரட்டிப் பார்த்த ஹெய்ன்ஸுக்கு ஒன்று விளங்கியது: அது சாதாரண சொந்தக்காரனுக்கு எழுதப்பட்டதே அல்ல. ஆகவே எஞ்சினைக் கழற்றிப் பூட்டும்போது ஒவ்வொரு கட்டத்தையும் படம்பிடித்தார். முதல் கையேடு 1966இல் வந்தது. மூன்று மாதத்துக்குள் 3,000 பிரதிகள் விற்றன. ஹெய்ன்ஸ் 2019இல் காலமானார்.

நான் அந்தப் புத்தகத்தை நேசிப்பதற்குக் காரணம் அதன் படங்களில் தெரியும் கைகள். நகத்தில் கிறீஸ் படிந்த, உண்மையில் வேலை செய்கிற கைகள். முழுக்கக் கழற்றி, முழுக்கப் பூட்டிப் பார்த்த பிறகுதான் எழுதுவது என்ற நேர்மை ஒவ்வொரு பக்கத்திலும் தெரிகிறது. எந்த ஆணி இறுகும், எந்தக் குழாயை முதலில் எடுத்தால் மற்றதற்கு வழி கிடைக்கும் என்பதெல்லாம் ஒரு முறையாவது கை காயப்பட்டவருக்குத்தான் தெரியும்.

யாழ்ப்பாணத்துக் கராஜ்களில் அந்தப் புத்தகத்தை நான் கண்டதில்லை. ஆனால் அதே நேர்மையைக் கண்டிருக்கிறேன். தொண்ணூறுகளில் போர் காரணமாக இங்கே பெற்றோல் தடைசெய்யப்பட்டிருந்தபோது, துளிப் பெற்றோலில் ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெயில் ஓடிய மொரிஸ் மைனர்களையும் ஒஸ்டின் ஏ-40களையும் பற்றி முன்னரே எழுதியிருக்கிறேன், திரும்ப விரிக்கவில்லை. அவற்றை ஓடவைத்தவர்களில் ஒருவர் எஞ்சினைப் பிரிக்கும் முறையைத்தான் இன்று சொல்லவேண்டும். முதலில் நிலத்தைக் கூட்டுவார். கூட்டிய இடத்தில் சாக்கை விரிப்பார். கழற்றும் ஒழுங்கிலேயே ஒவ்வொரு சாமானையும் இடமிருந்து வலமாக அடுக்குவார். வால்வுகளை எந்தத் துளையிலிருந்து எடுத்தாரோ அதே வரிசையில் ஒரு மட்டையில் குத்திவைப்பார், ஏனென்றால் ஒவ்வொரு வால்வும் தன் இருக்கையோடு தேய்ந்து பழகியிருக்கும். வேலை பழகும் பொடியன் சாக்கைத் தாண்டினால் அன்றைக்கு அவனுக்கு நல்ல பேச்சு விழும். "கழட்டேக்கையே பூட்டத் தொடங்கோணும் தம்பி" என்பார். புதுச் சாமான் வருமென்ற நம்பிக்கை இல்லாத காலம். ஒரு வாஷர் தொலைந்தாலும் கார் நின்றுவிடும்.

அந்த ஒழுங்கை அவர் எங்கேயும் எழுதிவைக்கவில்லை. எழுதத் தெரியாமல் இல்லை, யாரும் கேட்கவில்லை. அவருடைய தலைமுறை மெக்கானிக்குகளில் இன்று மிஞ்சியிருப்பவர்கள் சிலர்தான். அந்தக் கார்களோ இன்னமும் ஊருக்குள் ஓடுகின்றன. நம் பொடியன்கள் எல்லோருடைய கையிலும் கமரா உள்ள போன் இருக்கிறது. ஹெய்ன்ஸுக்கு ஏடனில் இருந்ததைவிட எத்தனையோ மடங்கு வசதி. யாராவது போய் ஒரு ஏ-40 எஞ்சினைக் கழற்றிப் பூட்டும் வேலையை முதல் ஆணியிலிருந்து கடைசி ஆணி வரை படமெடுத்து, அந்த மெக்கானிக்குகள் சொல்வதை அவர்களின் சொல்லிலேயே எழுதிவைக்க வேண்டும். செலவைப் பகிர்ந்துகொள்ள நான் ஆயத்தம். கராஜ் கொப்பியில் இப்படி ஏதும் குறித்துவைத்த தகப்பனோ மாமனோ உங்கள் வீட்டில் இருந்திருந்தால், பத்திரிகை முகவரிக்கு எனக்கு ஒரு வரி எழுதுங்கள். கொப்பியை அனுப்பவேண்டாம், தபாலில் தொலைந்துவிடும். நானே வந்து பார்க்கிறேன்.