முதலில் யாரைப் பார்ப்பது?

முதலில் வருவோர்க்கு முதலிடம் என்பது ரேஷன் கடைக்குப் பொருந்தும் நீதி. மருத்துவமனைக்கு அது பொருந்துமா? சளி பிடித்தவர் காலை ஏழு மணிக்கே வந்து சீட்டு வாங்கிவிட்டார். மார்வலி கண்டவர் ஒன்பது மணிக்கு வருகிறார். யாரை முதலில் பார்ப்பது? நெப்போலியனின் படை மருத்துவரான லாரே, வீரனின் பதவியைப் பாராமல் காயத்தின் கடுமையைப் பார்த்தே சிகிச்சை அளிக்க வேண்டும் என்று வகுத்தார். இன்றும் மருத்துவ உலகம் போற்றும் நெறி அது.

இவ்வாறு தரம் பிரிக்கும் பொறுப்பில் இன்று செயற்கை நுண்ணறிவும் பங்கு கேட்கிறது. இங்கிலாந்தில் சில குடும்ப மருத்துவ நிலையங்களில், நோயாளி கைப்பேசியில் எழுதியனுப்பும் குறையைக் கணிப்பொறி ஆராய்ந்து, இன்றே பார்க்க வேண்டியவர் யார், காத்திருக்கக் கூடியவர் யார் என்று பிரித்துத் தருகிறது. நம் நாட்டில் 2019-இல் தொடங்கிய இ-சஞ்சீவனி தொலை மருத்துவச் சேவையிலும் இதற்கு நெருங்கிய ஏற்பாடு ஒன்று உண்டு. அறிகுறிகளைக் கூறினால், அடுத்துக் கேட்க வேண்டிய கேள்விகளை இயந்திரம் எடுத்துக்கொடுக்கிறது; முடிவு மருத்துவருடையது.

இதனால் நன்மை இல்லையா? நிச்சயம் உண்டு. ராயபுரம் முதல் எண்ணூர் வரை வாழும் நம் பெற்றோரில் பலர் துறைமுகத்திலும், தொழிற்சாலையிலும், மீன் அங்காடியிலும் உழைப்பவர்கள். மருத்துவமனை வரிசையில் அரை நாள் நின்றால் அரை நாள் கூலி போயிற்று! அந்த வரிசையைக் குறைக்கும் கருவியை நாம் வரவேற்கவே வேண்டும்.

ஆயினும், இயந்திரம் கற்பிக்கப்பட்டதையே அறியும். அமெரிக்காவில் கூடுதல் கவனிப்பு யாருக்குத் தேவை என்று கணித்த ஒரு முறையை ஆய்வாளர்கள் சோதித்து, 2019-இல் 'சயன்ஸ்' இதழில் வெளியிட்டனர். அம்முறை நோயின் கடுமையை மருத்துவச் செலவைக்கொண்டே அளந்தது. ஒரே அளவு நோயிருந்தும் கறுப்பின மக்களுக்காகச் செலவிடப்பட்ட தொகை குறைவு. ஆகவே அவர்களை நலமானவர்கள் என்று அது எண்ணிவிட்டது! காசில்லாமல் வலியைப் பொறுத்துக்கொள்ளும் நம் தாய்மாரையும் இத்தகைய இயந்திரம் அப்படித்தானே எண்ணும்?

இன்னொன்றும் உண்டு. 2023 டிசம்பர் 26 நள்ளிரவு, எண்ணூர் பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. கண் எரிய, மூச்சுத் திணற, மக்கள் வீடுகளை விட்டு ஓடினர். பலர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். வேறோர் ஊரில் கண் எரிச்சலும் இருமலும் நாளை பார்க்கக்கூடிய குறைகளாக இருக்கலாம். எண்ணூரில், அவ்விரவில், அவை அவசரம். நோயாளியின் தெருவையும் தொழிலையும் கேட்கத் தெரிந்த இயந்திரமானால், ஒரே தெருவிலிருந்து பத்துப் பேர் ஒரே குறையைச் சொல்லும்போது மணியடித்து எச்சரிக்கவும் கூடும். கேட்கத் தெரியாததோ பத்துப் பேரையும் தனித்தனியே வரிசையின் கடைசியில் நிறுத்திவிடும்.

நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து உதவுபவர் என மருத்துவத்தை நான்காக வகுத்தார் வள்ளுவர். இயந்திரத்திற்கு உரிய இடம் நான்காவது. அது ஒருவரை வரிசையில் முன்னே அழைக்கலாம். 'உமக்கு ஒன்றுமில்லை' என்று திருப்பியனுப்பும் உரிமை அதற்கு வேண்டாம். அதைச் சொல்ல, முகத்தைப் பார்க்கும் செவிலியரோ மருத்துவரோ வேண்டும். கைப்பேசியில் எழுதத் தெரியாமல் நேரில் வந்து நிற்பவருக்கும் அதே மதிப்பு வேண்டும்.

தோழியரே! வீட்டில் பாட்டியின் குறையைக் கைப்பேசியில் எழுதித் தரப்போவது நாம்தான். 'நெஞ்சைப் பிசையுது' என்று அவர் சொன்னால், அதைச் சுருக்கி 'வாயுத் தொல்லை' என்று எழுதாதிருப்போம். நாளை நம்மில் சிலர் மருத்துவராவோம், செவிலியராவோம், கணிப்பொறிப் பொறியாளராவோம். அன்று நாம் ஆக்கும் இயந்திரத்துக்கு எண்ணூரின் காற்றையும் ராயபுரத்தின் பேச்சையும் கற்பிப்போமாக!