மூன்றாவது ஊசிக்கு யார் கணக்கு எழுதுவது?

இந்தியாவில் குழந்தைக்கு 6, 10, 14 வாரங்களில் பென்டாவேலன்ட் ஊசி போடுகிறார்கள். அரசு மருத்துவமனையில் இலவசம்தான். ஆனால் கூலி வேலைக்குப் போகும் தாய்க்கு ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் சம்பளம் போகிறது. பஸ் காசு தனி. இரண்டு ஊசியோடு நின்றுவிட்டால் 'விழிப்புணர்வு இல்லை' என்று சொல்லிவிடுவது ரொம்ப சுலபம்!

ஊசியில் சேர்க்கும் அலுமினிய உப்பு எதிர்ப்பு சக்தியைத் தூண்டும் என்று 1926ல் கிளென்னி காட்டினார். பென்டாவேலன்ட்டிலும் அது இருக்கிறது. இருந்தும் மூன்று தடவை போட வேண்டியிருக்கிறது.

மூன்றையும் ஒரே ஊசியில் அடைக்க முடியாதா? 1990களில் உலக சுகாதார நிறுவனத்தின் ஆதரவோடு டெட்டனஸ் மருந்தில் முயன்றார்கள். தானாகக் கரையும் தையல் நூல் இருக்கிறதே, அந்த வகை பாலிமரில் நுண்ணிய உருண்டைகள் செய்து உள்ளே மருந்தை வைப்பது. மெல்லக் கரையும், மருந்து வெளியே வரும். சிக்கல் என்னவென்றால், கரையும்போது உள்ளே அமிலம் சேரும். 37 டிகிரி சூட்டில் வாரக்கணக்கில் கிடக்கும் புரதம் கெட்டுப்போகும். 2017ல் எம்ஐடியின் ராபர்ட் லாங்கர், அனா ஜாக்லெனெக் குழு மூடி போட்ட குட்டி டப்பா போன்ற துகள்களைச் செய்து, எலிகளின் உடம்பில் குறித்த நாளில் திறக்க வைத்தது.

இன்னொரு விஷயம். அதே நாட்களில் போலியோ, ரோட்டா சொட்டு மருந்தும் தருகிறார்கள். பென்டாவேலன்ட்டை மட்டும் மாற்றினால் அந்தத் தாயின் நடை குறையாது. மொத்த அட்டவணையையும் மாற்ற வேண்டும். அது ஒரு கம்பெனியால் ஆகிற காரியமில்லை, அரசுதான் முன்னால் நிற்க வேண்டும். அப்போது விலையை ஒப்பிடுகிறவர்கள் அவளுடைய கூலியையும் பஸ் காசையும் செலவுப் பக்கத்தில் எழுதட்டும்.