ஸ்டென்ட்டுக்கு முன் ஸ்கேன்

தெல்தெனியவில் ஒருவருக்குக் கண் மஞ்சளித்து, தோல் அரித்து, உடல் மெலிந்தால் முதலில் வயிற்றை அல்ட்ராசவுண்டில்தான் பார்ப்பார்கள். பித்தக்குழாய் விரிந்திருப்பது அதில் தெரியும். அதை அடைக்கும் புற்றுக்கட்டி இருக்கக்கூடிய கணையமோ குடல் வாயுவுக்குப் பின்னால் கிடப்பதால் பலவேளை தெரியாது. அடுத்து, கண்டியில் எடுக்க வேண்டியது கணையத்துக்கென்றே உள்ள முறைப்படியான சி.டி. ஸ்கேன். மருந்து ஏற்றிச் சுமார் 40 விநாடியில் ஒரு முறை, 70 விநாடியில் மறுமுறை, மெல்லிய துண்டுகளாகப் படம் விழும். குடலுக்கு இரத்தம் கொண்டுபோகும் நாடியைக் கட்டி 180 பாகைக்கு மேல் சுற்றிப் பிடித்திருந்தால் உடனே கத்தி வைக்க மாட்டார்கள், கீமோதான் முதலில். எம்.ஆர்.ஐ. ஈரலில் சிதறிய சிறு கட்டிகளைத் துலக்கமாகக் காட்டும். எண்டோஸ்கோப்பி வழி அல்ட்ராசவுண்ட் சி.டி.க்குத் தப்பிய சின்னக் கட்டியையும் பிடிக்கும், ஊசியால் சதையும் எடுத்துத் தரும். இரண்டும் பெரிய துணை, ஆனால் சி.டி.க்கு மாற்று அல்ல. என்னை உறுத்துவது வரிசை பிசகுவதுதான். செங்கமாரியைத் தணிக்க அவசரப்பட்டுப் பித்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்தபின் எடுக்கும் படத்தில், அதன் நிழலும் அழற்சியும் கட்டியின் எல்லையைக் குழப்பிவிடும். கிருமித்தொற்று போன்ற அவசரம் இல்லையென்றால் சி.டி. முதலில், ஸ்டென்ட் பிறகு. சத்திரசிகிச்சை நிபுணரிடம் போகும்போது அறிக்கைத் தாளோடு படங்கள் பதிந்த இறுவட்டையும் கொண்டுபோங்கள். அந்த நாடியை அவர் தன் கண்ணாலேயே பார்க்க வேண்டும்.