அளவுகோல் யார் கையில்?

உதைபந்தாட்டத்தில் வீரர்களின் நகர்வுத் தரவுகளைக் கொண்டு ஓஃப்சைட் உத்தியை ஆராய்வது செல்வந்த நாடுகளின் பொழுதுபோக்கு என்றும், சமதரை மைதானமே அரிதான மலையகத்துக்கு அது வேண்டாத ஆடம்பரம் என்றும் கூறுவோர் உளர். இக்கூற்று மேலோட்டமாக நோக்குவோருக்கு நியாயமாகத் தோன்றலாம். ஆழ நோக்கின், தோட்டத்துப் பிள்ளைகளை அறிவின் வாயிலுக்கு வெளியே நிறுத்தும் பழைய மனோபாவத்தின் புதிய வடிவமே இது.

2022 கட்டார் உலகக் கிண்ணப் போட்டிகளில், அரங்கக் கூரையின் கீழ்ப் பொருத்தப்பட்ட 12 கமராக்கள் ஒவ்வொரு வீரரதும் உடலில் 29 புள்ளிகளைச் செக்கனுக்கு 50 தடவை பதிந்தன. தோள் முந்தியதா என்பதே அங்கு நடுவரின் வினா. உத்தியை ஆராய்பவரின் வினா வேறு. பந்து செலுத்தப்படுவதற்குச் சற்று முன் பின்வரிசை முன்னேறி, எதிரணியினரைத் தனக்குப் பின்னே விட்டுவிடுவதே ஓஃப்சைட் பொறி. நால்வரும் ஒருங்கே முன்னேறினரா? பந்தை வைத்திருந்தவர் அத்தருணத்தில் நெருக்கப்பட்டிருந்தாரா? ஒருவர் இரண்டடி பிந்தினும் பொறி சிதையும். பந்துடையவர் நிமிர்ந்து நோக்க அவகாசம் பெறின், வரிசைக்குப் பின்னுள்ள வெளி எதிரணிக்குப் பரிசாகும். அவ்வாண்டு நவம்பர் 22 இல் சவூதி அரேபிய அணி துணிந்து வரிசையை முன்னேற்றி ஆடியது. முதற்பாதியில் ஆர்ஜென்டீனா புகுத்திய மூன்று கோல்கள் ஓஃப்சைட் என விலக்கப்பட்டன. இறுதியில் 2-1 என வென்றது சவூதியே. பெயர்பெற்ற தனிமனிதரின் ஆற்றலை வரிசையின் ஒருமைப்பாடு மடக்கிற்று.

இதனை ஆராயப் பன்னிரண்டு கமராக்கள் வேண்டுமா? மலைச்சரிவின் கீழமைந்த தோட்ட மைதானத்தை மேலிருந்து படம்பிடிக்க ஒரு கையடக்கத் தொலைபேசி போதும். தரையில் தூரம் அறிந்த நான்கு புள்ளிகள் படத்தில் தெரியின், வீரர் நின்ற இடங்களைக் கணிதத்தால் கணிக்கலாம். தோளின் அங்குலக் கணக்கு கிட்டாது. வரிசை உடைந்த இடமும் நேரமும் கிட்டும். பயிற்றுநருக்கு வேண்டியது அதுவே. மைதானம் முதலில் வேண்டும் என்பது மெய். அது கிடைக்கும்வரை சிந்தனையும் காத்திருக்க வேண்டும் என்பது எந்த நியாயம்?

மலையக மக்கள் அளவைக்குப் புதியவரல்லர். தலைமுறை தலைமுறையாக அவர்கள் கொய்த கொழுந்து நிறுக்கப்பட்டது. குறித்த கிலோ குறைந்தால் அரைப்பேர் விழுந்தது. தராசோ பிறர் கையில் இருந்தது. அளக்கப்படுவோராகவே வாழ்ந்த சமூகத்தின் பிள்ளைகள் தம் நகர்வைத் தாமே அளந்து, தமக்கெனப் பொருள் காண்பதை ஆடம்பரம் என்பதா? மலையகப் பாடசாலைகளோடு பல்கலைக்கழகக் கணித மாணவர் இணைந்து இப்பணியைத் தொடங்குதல் வேண்டும். அளவுகோல் இனியேனும் ஆடுவோர் கைக்கு வரட்டும்.