போனில் ஆடினால் படிப்பு வருமா?



"எப்பப் பார்த்தாலும் கேம்தானா? போனைக் கீழே வை!"

இந்த வசனம் கேட்காத வீடு உண்டா? கள்ளக்குறிச்சிக் கடைத்தெருவிலும் கேட்கும். கல்வராயன் மலை மேல் வெள்ளிமலையிலும் கேட்கும். அம்மா திட்டுவது சரியா, நீங்கள் ஆடுவது சரியா? இந்த வாரம் ஒரு பஞ்சாயத்து வைத்துப் பார்த்துவிடுவோம்.

முதலில் உங்கள் கட்சி. கேமில் தோற்றால் என்ன செய்கிறீர்கள்? உடனே மறுபடியும் ஆடுகிறீர்கள். பத்துத் தடவை தோற்றாலும் பதினோராவது தடவை ஆடச் சலிப்பதில்லை. ஏன் தெரியுமா? தப்பு செய்த அந்த நொடியே அது தப்பு என்று தெரிந்துவிடுகிறது. யாரும் திட்டுவதில்லை. ஒரு கட்டத்தை முடித்தால், கொஞ்சம் கடினமான அடுத்த கட்டம் காத்திருக்கிறது. பரீட்சையில் அப்படியா? போட்ட கணக்கு தப்பு என்று தெரிய, விடைத்தாள் கைக்கு வரவேண்டும். அதற்குள் கணக்கே மறந்து போய்விடும்!

இது ஒன்றும் புதிய வித்தை இல்லை. உங்கள் பாட்டி பல்லாங்குழி ஆடியபோது, எந்தக் குழியிலிருந்து எடுத்தால் எங்கே போய் முடியும் என்று மனசுக்குள்ளேயே கணக்குப் போட்டார். தாயக்கட்டம் ஆடியவர்களும் அப்படித்தான். அதற்குக் கணக்கு வகுப்பு என்று யாரும் பெயர் வைக்கவில்லை. அவ்வளவுதான்!

இப்போது அம்மாவின் கட்சி. எல்லா கேமும் பல்லாங்குழி ஆகிவிடுமா? காசு பொறுக்குவது, மிட்டாயை வெடிக்க வைப்பது, நடுநடுவே விளம்பரம் பார்ப்பது... இரண்டு மணி நேரம் ஓடிவிடும். போனை அணைத்ததும் உங்களையே கேட்டுப் பாருங்கள்: "காலையில் தெரியாத எது எனக்கு இப்போது தெரியும்?" பதில் இல்லையென்றால் அம்மா சொன்னதுதான் சரி.

நல்ல கேமைக் கொடுத்துவிட்டால் படிப்பு வந்துவிடுமா? இதற்குப் பதில் சொல்ல உங்களைப் போன்ற தமிழ்க் குழந்தைகளே இருக்கிறார்கள்.

சுகதா மித்ரா என்ற விஞ்ஞானி 1999-ம் ஆண்டு டில்லியில், கல்காஜி என்ற இடத்தில், சுவரில் ஓட்டை போட்டு ஒரு கம்ப்யூட்டரை வைத்தார். பக்கத்துக் குடிசைப் பகுதிக் குழந்தைகள் யாரும் சொல்லித் தராமலே அதை இயக்கக் கற்றுக்கொண்டார்கள். பிறகு அவர் காளிக்குப்பம் என்ற தமிழ் பேசும் கிராமத்தில் இன்னொரு சோதனை செய்தார். 10 முதல் 14 வயதுக் குழந்தைகள். கம்ப்யூட்டரில் இருந்ததோ, கல்லூரியில் படிக்கும் உயிரியல் பாடம். அதுவும் ஆங்கிலத்தில்!

இரண்டு மாதம் கழித்துத் தேர்வு வைத்தார். ஆரம்பத்தில் பூஜ்யம் வாங்கியவர்கள், 100-க்கு 30 வாங்கினார்கள். யாரும் சொல்லித் தராமலே! ஆனால் அதற்கு மேல் போகவில்லை.

அப்போது மித்ரா என்ன செய்தார்? உயிரியல் வாத்தியாரைக் கூட்டி வரவில்லை. குழந்தைகளுக்குப் பழக்கமான, கணக்கு எழுதும் வேலை பார்த்த ஓர் அக்காவை அழைத்தார். அந்த அக்காவுக்கு உயிரியல் தெரியாது. குழந்தைகளுக்குப் பின்னால் நின்று, "அட! இதை எப்படிக் கண்டுபிடிச்சீங்க? அடுத்தது என்ன?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அடுத்த இரண்டு மாதத்தில் மதிப்பெண் 50 ஆகிவிட்டது. டில்லியில் பெரிய தனியார் பள்ளியில், தேர்ந்த ஆசிரியர்களிடம் அதே பாடத்தைப் படித்த மாணவர்களுக்குச் சமமாக!

பஞ்சாயத்தின் தீர்ப்பு இங்கேதான் இருக்கிறது. கருவி பாதி தூரம் கூட்டிப் போகும். மீதி தூரத்துக்குப் பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும்.

கல்வராயன் மலைப் பிள்ளைகளுக்கு இது நன்றாகவே தெரியும். கொரோனா வந்ததால் 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடின. எட்டாம் வகுப்பு வரை படித்தவர்களுக்கு 2021 நவம்பர் 1-ம் தேதிதான் திறந்தன. நடுவில் 19 மாதம்! உண்டு உறைவிடப் பள்ளியில் தங்கிப் படித்தவர்களும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். 2019-ல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சியில் பாடம் வந்தது. போனிலும் வகுப்பு நடந்தது. ஆனால் சிக்னல் எட்டாத மலைக்கிராமத்தில் போன் இருந்தும் என்ன பயன்? டிவியில் பாடம் புரியாவிட்டால் யாரிடம் கேட்பது? அதனால்தான் 2021-ல் 'இல்லம் தேடிக் கல்வி' வந்தபோது, அந்தந்த ஊர் அக்கா, அண்ணன்களையே தன்னார்வலராகச் சேர்த்து, மாலையில் பாட்டும் விளையாட்டுமாகச் சொல்லித் தர வைத்தார்கள்.

எனவே பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மலைப் பள்ளிக்குக் கம்ப்யூட்டர் கொடுத்ததோடு கடமை முடிந்தது என்று நினைக்காதீர்கள். இணையம் இல்லாமல் ஓடும் விளையாட்டுகளையும் அதில் போட்டுக் கொடுங்கள். பிரான்ஸ் நாட்டில் 2000-ம் ஆண்டு பிறந்த 'ஜிகாம்பிரி' என்ற இலவசத் தொகுப்பு அப்படிப்பட்டதுதான். எண்ணுவதில் தொடங்கி சதுரங்கம் வரை அதில் இருக்கிறது. நம் ஊரிலும் அப்படிச் செய்யலாமே! சாமை மூட்டையையும் கடுக்காய் எடையையும் வைத்துக் கணக்குப் போடும் ஒரு விளையாட்டு வந்தால், வெள்ளிமலைப் பிள்ளைகள் விடுவார்களா? அதோடு, "எப்படிச் செய்தாய்?" என்று கேட்க ஓர் ஆளையும் உட்கார வையுங்கள்.

உங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. 2018 முதல் உங்கள் பாடப் புத்தகத்தில் சின்னக் கட்டம் கட்டமாகக் க்யூஆர் கோடு அச்சாகி வருகிறது. இன்று மாலை போன் கைக்கு வந்ததும் அதில் ஒன்றைத் திறந்து பாருங்கள். தம்பி, தங்கையைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். பார்த்து முடித்ததும் அவர்களைக் கேளுங்கள். தப்பாகச் சொன்னால் சிரிக்காதீர்கள். கேமில் தோற்றால் யாராவது சிரிக்கிறார்களா?

வீட்டில் போன் இல்லாத நண்பன் இருந்தால் அவனையும் கூப்பிடுங்கள். ஒரு போனை நாலு பேர் பார்க்கலாம். அப்படிப் பார்த்தால், "போனைக் கீழே வை" என்று அம்மா சொல்ல மாட்டார். "எனக்கும் காட்டு" என்பார்!