மாநாட்டுக்கு முன்பே தோற்ற மாநாடு

நோயாளிக்கு உடனே அறுவை சிகிச்சை செய்ய வேண்டும் என்கிறார் மருத்துவர். உறவினர்களோ செலவை யார் ஏற்பது என்று வாசலில் நின்று சண்டை போடுகிறார்கள். 2009 டிசம்பரில் டென்மார்க் தலைநகர் கோபன்ஹேகனில் நடந்த பருவநிலை மாநாட்டின் கதை இதுதான்.

விஞ்ஞானிகள் சொல்ல வேண்டியதை 2007-லேயே சொல்லிவிட்டார்கள். ஐ.நா.வின் ஐ.பி.சி.சி. குழு அவ்வாண்டு வெளியிட்ட அறிக்கை, பூமி சூடாகி வருவதில் சந்தேகமே இல்லை என்றது. வெப்பநிலை உயர்வை 2 டிகிரியை ஒட்டி நிறுத்த, வளர்ந்த நாடுகள் தங்கள் வாயு வெளியீட்டை 1990-ஆம் ஆண்டு அளவிலிருந்து 2020-க்குள் 25 முதல் 40 சதவீதம் வரை குறைக்க வேண்டியிருக்கும் என்று கணக்கும் காட்டியது. அதே ஆண்டு அக்குழுவுக்கும் அல் கோருக்கும் நோபல் அமைதிப் பரிசு கிடைத்தது. உலகம் கைதட்டியது, எச்சரிக்கையை மட்டும் காதில் வாங்கவில்லை.

தலைவர்கள் என்ன கொண்டு வந்தார்கள்? அமெரிக்க மக்கள் பிரதிநிதிகள் சபை 2009 ஜூனில் நிறைவேற்றிய பருவநிலை மசோதா, செனட்டில் வாக்கெடுப்புக்கே வரவில்லை. எனவே ஒபாமா தர முடிந்தது, 2005-ஆம் ஆண்டு அளவிலிருந்து 17 சதவீதக் குறைப்பு. 1990-ஐ வைத்துப் பார்த்தால் அது ஏறத்தாழ 4 சதவீதம்தான்! ஐரோப்பிய ஒன்றியம் 20 சதவீதம் என்றது, மற்றவர்களும் முன்வந்தால் 30 என்றது. நூற்றாண்டுகளாக நிலக்கரி எரித்தவர்கள் முதலில் குறைக்கட்டும் என்றன இந்தியாவும் சீனாவும். அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் கரியமில வாயுவுக்கு நியாய அநியாயம் தெரியாது.

அந்த அக்டோபரில் மாலத்தீவு அதிபர் முகமது நஷீத் கடலுக்கடியில் அமைச்சரவைக் கூட்டம் நடத்திக் காட்டினார். மூழ்கப் போகிறவர்களின் கூக்குரல் அது. நவம்பரில் சிங்கப்பூரில் கூடிய தலைவர்களோ, சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் இம்முறை சாத்தியமில்லை என்று மாநாட்டுக்கு மூன்று வாரங்கள் முன்பே ஒப்புக்கொண்டார்கள். பிறகு நூற்றுக்கும் மேற்பட்ட தலைவர்கள் கோபன்ஹேகனுக்குப் பறந்து வந்து என்ன பயன்? கடைசியில் வந்த உடன்பாட்டை மாநாடு ஏற்கக்கூட இல்லை, 'கவனத்தில் கொள்கிறோம்' என்று மட்டும் எழுதி முடித்தது.

விலை என்ன? 2009-இல் காற்றில் பத்து லட்சத்துக்குச் சுமார் 387 பங்காக இருந்த கரியமில வாயு, 2024-இல் 420-ஐத் தாண்டியது. 2015 பாரிஸ் ஒப்பந்தம் 1.5 டிகிரியை இலக்காகச் சேர்த்தது. 2024-இல் உலகின் ஆண்டு சராசரி வெப்பநிலை உயர்வு முதன்முறையாக அந்த அளவைக் கடந்தது. ஓர் ஆண்டை வைத்து இலக்கு கைநழுவியதாகச் சொல்ல முடியாது. ஆனால் இதைவிடப் பெரிய அபாயமணி வேறு வேண்டுமா?

தலைமைப் பண்பு மாநாட்டு மேடையில் பிறப்பதில்லை. அதற்கு முன், சொந்த நாட்டு நாடாளுமன்றத்தில், சொந்த வாக்காளர்களிடம் கசப்பான உண்மையைச் சொல்லும்போதுதான் பிறக்கிறது. அடுத்த மாநாட்டுக்கு விமானம் ஏறும் ஒவ்வொரு தலைவரிடமும் மக்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: அங்கே என்ன பேசப் போகிறீர்கள் என்பது இருக்கட்டும், இங்கே என்ன செய்துவிட்டுப் போகிறீர்கள்?