முதலில் அன்பு செய்தது யார்?

நன்றிக்கு நாயை உவமை காட்டுவது நம் வழக்கம். நாய்களைப் பற்றிய சிறுவர் நூல்களையும் அப்படியே படித்துவிடுகிறோம். ஆனால் அவை கற்பிப்பது நாயின் கடமையை அன்று; மனிதனின் கடமையையே என்பது என் கருத்து.

1872-இல் ஊய்டா என்னும் ஆங்கில எழுத்தாளர் எழுதிய 'பிளாண்டர்ஸ் நாட்டு நாய்' என்ற கதையைப் பாருங்கள். எசமானனிடம் அடிபட்டுச் சாலையோரம் சாகக் கிடந்த பட்ராஷ் என்ற நாயைப் பலரும் கண்டும் காணாமல் கடந்து போயினர். ஏழை முதியவர் ஒருவரும் அவர் பேரன் நெல்லோவுமே அதை வீட்டுக்குக் கொண்டு சென்று காப்பாற்றினர். நல்ல சமாரியன் உவமை நினைவுக்கு வருகிறதல்லவா? நலமடைந்த நாய், யாரும் ஏவாமலே அவர்களுடைய பால்வண்டியை இழுக்க முன்வந்தது. பின்னாளில் ஊரார் ஒதுக்கிய நெல்லோ பனியில் அலைந்தபோது, தனக்குக் கிடைத்த உணவையும் கணப்பையும் துறந்து அவனைத் தேடி ஓடியது. கிறிஸ்மஸ் இரவில் ஆண்ட்வெர்ப் பேராலயத்தில் இருவரும் ஒன்றாகவே உயிர் நீத்தனர்.

திரைப்படம் எடுத்தோர் சிலர் இம்முடிவை இன்பமாக மாற்றிவிட்டனர். குழந்தைகள் அழுவார்களே என்ற இரக்கம்தான்! ஆனால் அந்தக் கண்ணீரைத் துடைத்துவிட்டால், ஊராரின் கல்நெஞ்சமும் மறைந்துவிடுகிறதே!

தோழியரே, நாயின் நன்றியைப் புகழ்வது எளிது. துன்புறும் உயிரைக் கண்டு நின்று உதவுவதே அரிது. தெருநாய் மீது கல்லெறியும் கையைத் தடுக்காவிடில், நாம் படித்தும் பயன் என்ன?